வரும் விரல், வராத விரல்

கிடார் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி வந்தே தீரும். உனக்கு எது நல்லா வரும், எது வராது? பூந்தமல்லியில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். ஆராதனை முடிந்து, வயரையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, டிரங்க் ரோட்டு லாரிச் சத்தம் அதிகம் எட்டாத ஒரு மொட்டைமாடியில் கூடுவார்கள். கொயரில் ரிதம் வாசிக்கிற பெண், கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் லீட் வாசிக்கிறவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர், கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஆவடியிலிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரிப் பையன். நான் வாசிப்பதில்லை, கேட்கிறவன். அவர்கள் வாசிப்பை எவ்வளவு ரசிக்கிறேனோ அவ்வளவு, தங்கள் வாசிப்பை அவர்களே எடைபோடும் விதத்தையும் ரசிக்கிறேன்.

"அண்ணா, எனக்கு ஸ்ட்ரம்மிங்ல பிரச்சினையே இல்லை. எஃப் மட்டும் உட்காரவே மாட்டேங்குது."

"எஃப்ல எந்த ஸ்ட்ரிங்?"

"ரெண்டாவது."

இந்தக் கடைசிப் பதிலில் இருக்கிறது நயம். "பார் கார்டு வராது" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் காது முற்றிய கிடார்க்காரர் தன் குறையை ஆறில் ஒரு தந்திக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அங்கே நிறுத்திய பிறகுதான் அந்தக் குறையின் அழகே தெரிய ஆரம்பிக்கிறது.

எஃப் கார்டைப் பிடிக்கும் கையை அருகில் இருந்து பாருங்கள். ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில் ஆறு தந்திகளின் மேலும் நீளமாகப் படுக்கிறது. நடுவிரல் மூன்றாவது தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டுக்குப் போகிறது. மோதிர விரல் ஐந்தாவது தந்தியிலும் சுண்டுவிரல் நான்காவதிலும், மூன்றாம் ஃப்ரெட்டில். பார்ப்பதற்கு ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் நசுக்குவதுபோல் இருக்கும். ஆனால் ஐந்து, நான்கு, மூன்று ஆகிய தந்திகளை மற்ற விரல்கள் அதற்கு முன்னாலேயே அழுத்திவிட்டன. ஆள்காட்டி விரலின் பொறுப்பில் மிச்சமிருப்பது ஆறாவது, இரண்டாவது, முதலாவது. அதாவது விரலின் இரண்டு முனைகளுக்குத்தான் வேலை, நடுப்பகுதி சும்மா இருக்கலாம். இது தெரியாமல் விரல் முழுவதையும் முறுக்கி அழுத்துகிறவருக்குப் பத்து நிமிடத்தில் கட்டைவிரல் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கும்.

அப்படியும் அந்த இரண்டாவது தந்தி ஏன் மக்கர் செய்கிறது? விரலில் மூட்டு மடியும் இடத்தில் ஒரு ரேகை இருக்கிறது, மெத்தென்ற சின்னப் பள்ளம். பலருடைய கையில் அந்தப் பள்ளம் சரியாக இரண்டாவது தந்தியின் மேல் போய் விழுகிறது. தந்தி அதற்குள் ஒளிந்துகொள்கிறது, ஒலிக்க வேண்டிய இடத்தில் 'டக்' என்று ஒரு மரச் சத்தம். லீட் வாசிக்கிற அண்ணன், எஃப் உட்காரவில்லை என்று கேட்ட அந்தக் கல்லூரிப் பையனின் விரலை நூலளவு மேலே நகர்த்தினார். பிறகு கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி, சதை குறைந்த விளிம்பு தந்திமேல் படும்படி வைத்தார். முழங்கையைக் கொஞ்சம் உள்ளே ஒடுக்கச் சொன்னார். எஃப் ஒலித்தது. நூலளவு நகர்ந்ததில் ஒரு சுரம் பிறந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அவர் இன்னொன்றும் செய்தார், எனக்கு அது இன்னும் பிடித்தது. பையனின் கிடாரை வாங்கி, ஒவ்வொரு தந்தியையும் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு தாள் நுழையும் அளவுதான் இருக்க வேண்டும். விலை குறைந்த கிடார்களில் கழுத்தின் உச்சியில் இருக்கும் நட்டில் தந்தி அமரும் காடியைத் தேவையான ஆழத்துக்கு ராவியிருக்க மாட்டார்கள். அங்கே தந்தி மேடையில் ஏறி நிற்கும். எஃப் அந்த நட்டை ஒட்டிய கார்டு என்பதால் முதல் அடி அதற்குத்தான். "இது உன் விரல் தப்பு பாதி, கடை தப்பு பாதி" என்றார். தன்னை எடைபோடுகிறவன் தராசையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எத்தனை நியாயமான பார்வை.

ஸ்ட்ரம்மிங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அது எல்லோருக்கும் வருவதாக நினைப்பு. கொயர் பெண்ணின் வலதுகையைக் கவனித்த பிறகு நான் அப்படி நினைப்பதில்லை. மணிக்கட்டு மேலும் கீழும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அதில் சில வீச்சுகள் தந்தியைத் தொடும், சில தொடாமல் காற்றில் போகும். அந்தத் தொடாத வீச்சில்தான் தாளம் உட்கார்ந்திருக்கிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து நம் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்கு ராகமும் தாளமும் கர்நாடகச் சங்கீதத்தில் ஊன்றியவை. அவற்றுக்கு மேற்கத்திய கார்டை வைத்து, டோலக்கோடு இடிக்காமல், பாடுகிற சபையை இழுக்காமலும் தள்ளாமலும் வாசிப்பது பெரிய காரியம். "எனக்கு ஸ்ட்ரம்மிங் மட்டும்தான் வரும்ணா" என்று அந்தப் பெண் கூச்சத்தோடு சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த 'மட்டும்' அநியாயம்.

சரி, ப்ளக்கிங். இந்தப் பேச்சு எப்படிச் சுற்றினாலும் கடைசியில் 'இளைய நிலா பொழிகிறது' பாட்டில் வந்து நிற்கும். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படம், இளையராஜா இசை, எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரல். அதில் கிடார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். தமிழ்நாட்டில் கிடாரைத் தொட்டவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தங்கள் கையை இந்தப் பாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். அடுத்த ஆண்டே இந்த மெட்டு 'கலாகார்' படத்தில் கிஷோர் குமார் குரலில் இந்திக்குப் போனது. அங்கும் கிடாரை விட்டுவிட்டு அந்தப் பாட்டை எடுத்துப்போக முடியவில்லை.

அந்தக் கிடாரில் என்ன இருக்கிறது? கார்டு மொத்தமாக விழாமல் ஒவ்வொரு சுரமாக உதிர்கிறது, ஆர்பெஜியோ. விரலால் வாசிப்பவர்களின் வழக்கப்படி கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளைப் பார்த்துக்கொள்ளும், ஆள்காட்டி மூன்றாவது தந்தி, நடுவிரல் இரண்டாவது, மோதிர விரல் முதலாவது. இதில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. கையிலேயே பலசாலி கட்டைவிரல். சுதந்திரம் மிகக் குறைந்தது மோதிர விரல், ஏனென்றால் புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பிணைந்திருக்கிறது. மேஜையில் நடுவிரலை மடித்து ஊன்றிக்கொண்டு மோதிர விரலை மட்டும் தூக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஆனால் ஆர்பெஜியோவில் காது பின்தொடர்வது உச்சியில் இருக்கும் சுரத்தை. அந்தச் சுரத்தைச் சுமப்பது அந்த மோதிர விரல். பாட்டின் முகம் கையில் சுதந்திரம் மிகக் குறைந்த விரலிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே இந்த வாசிப்பின் திறமை பலத்தை அடக்குவதில் இருக்கிறது. கட்டைவிரல் தன் இயல்புக்கு அடித்தால் அடிநாதம் பெருத்து மேலே இருக்கும் சுரங்களை விழுங்கிவிடும். மோதிர விரலைத் தன் இயல்புக்கு விட்டால் உச்சிச் சுரம் ஒரு நிழல்போல மங்கும், அல்லது ஒரு இமைப்பொழுது தாமதமாக வரும். "எனக்கு லீட் வரும்ப்பா, ப்ளக்கிங்னா மோதிர விரல் தூங்கிடும்" என்று அம்பத்தூர்க்காரர் சொல்வது இதைத்தான். சந்திரசேகரின் வாசிப்பில் எந்தச் சுரம் எந்த விரலில் இருந்து வந்தது என்று காதால் பிரிக்கவே முடிவதில்லை. வேகமாக ஓடும்போதும் ஒவ்வொரு சுரமும் அதே எடை, அதே இடைவெளி. மொட்டைமாடியில் அதைச் சிலர் விரலால் முயல்வார்கள், சிலர் ப்ளக்கரால். ப்ளக்கரால் வாசித்தால் மோதிர விரல் பிரச்சினை தீரும், ஆனால் ஒரு தந்தியைத் தாண்டி இன்னொன்றுக்குப் போகும்போது கை தாவ வேண்டும், அந்தத் தாவல் கேட்கும். எப்படிப் போனாலும் ஒரு விலை உண்டு.

இன்னொரு இடத்தையும் கேட்டுப் பாருங்கள், கார்டு மாறும் இடம். இடதுகை அடுத்த கார்டுக்குப் போக அவசரப்பட்டு, முந்தைய கார்டின் கடைசிச் சுரத்தைப் பாதியில் கைவிடும். புதிதாக வாசிப்பவர்களின் ஆர்பெஜியோவில் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சின்ன விக்கல் இருப்பது இதனால்தான். தேர்ந்தவர்கள் எல்லா விரலையும் ஒரே சமயத்தில் எடுப்பதில்லை. முதலில் ஒலிக்க வேண்டிய தந்திக்கான விரல் முதலில் போகிறது, கடைசியில் ஒலித்த தந்தியின் விரல் கடைசி வரை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. 'இளைய நிலா'வில் அந்த இழை எங்கும் அறுவதில்லை. அந்த இசையை எழுதியவரும் கிடாரோடு வளர்ந்தவர் என்பது இங்கே முக்கியம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிடார் தேர்வில் தேறி, பிறர் இசைக்குழுக்களில் கிடார் வாசித்துவிட்டு வந்தவர் இளையராஜா. எந்தச் சுரம் எந்த விரலுக்குப் போகும் என்று தெரிந்தே அவர் பேனா ஓடியிருக்கும்.

அந்தத் தலைமுறை வாத்தியக்காரர்களிடம் கேட்டிருந்தால் தங்கள் பலம் என்று எதைச் சொல்லியிருப்பார்களோ, அது இன்றைய மொட்டைமாடியில் அநேகமாக எல்லோருக்கும் பலவீனம். தாளில் இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது. இளையராஜா எழுதிய நொட்டேஷனை ஸ்டுடியோவில் கையில் வாங்கி, பார்த்து, பாடகரோடும் மற்ற வாத்தியங்களோடும் சேர்ந்தே பதிவுசெய்த காலம் அது. ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி முதலில் இருந்து. போரூர் வரை போய் ஆற்காடு சாலையில் திரும்பினால் சாலிகிராமத்தில் அவர் பல்லாண்டு காலம் பதிவுசெய்த பிரசாத் ஸ்டுடியோ, பூந்தமல்லியில் இருந்து ஒரே பஸ்ஸில் போய்விடும் தூரம். காதால் கேட்டே கற்றுக்கொண்ட நம் பிள்ளைகள் எந்தப் பாட்டையும் இரண்டு முறை கேட்டால் வாசித்துவிடுவார்கள். டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் போனால் மட்டும், தாளைப் பார்த்து வாசிக்கும் அந்த ஒரு பகுதியில் கை நடுங்கும். காதின் பலம்தான் கண்ணைச் சோம்பேறியாக்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

லீட் வாசிக்கிற அண்ணனின் பலம் பெண்டிங். தந்தியை அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. பார்ப்பவர்களுக்கு அது விரலின் வலு என்று தோன்றும். அவர் மோதிர விரலை முன்னால் வைத்து, அதற்குப் பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டியையும் துணைக்கு வைத்து, மணிக்கட்டைச் சாவி திருப்புவதுபோல் திருப்புகிறார். விரல்கள் வளைவதே இல்லை. ஆனால் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்வது காதுதான். ஆவடிப் பையனுக்கு அவர் கற்றுக்கொடுத்த சோதனை எளிமையானது. இரண்டாவது தந்தியில் பத்தாம் ஃப்ரெட்டை வாசி, அது ஏ. அந்தச் சத்தம் காதில் இருக்கும்போதே எட்டாம் ஃப்ரெட்டின் ஜி-யை வாசித்து, அதைத் தள்ளி ஏ வரை கொண்டுபோ. பையன் தள்ளினான். முக்கால்வாசி போய் நின்றது. எங்கள் எல்லோருடைய முகமும் ஒரே சமயத்தில் சுருங்கியது. நாதஸ்வரமும் பாட்டும் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அந்தக் கால்வாசிக் குறை பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருக்கும். நம் ஊர்க் காதின் நல்ல குணம் இது.

பெண்டிங்கும் வைப்ரேட்டோவும் பேசும்போது ப்ளூஸ் கிடார்க்காரர் பி.பி. கிங் பெயர் வராமல் இருக்காது. ஒரே ஒரு சுரத்தை நடுங்கவைத்து, கேட்பவரை உட்கார வைத்துவிட்ட மனிதர். அவர் தனக்குக் கார்டு வாசிக்க வராது என்று வெளிப்படையாகச் சொல்லி வந்தார். பாடும்போது வாசித்ததில்லை, வாசிக்கும்போது பாடியதில்லை. அவருடைய உறவினர் புக்கா வைட், விரலில் மாட்டும் ஸ்லைடு குழலைத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பதில் பெயர் பெற்றவர். அந்தச் சத்தத்தின்மேல் கிங்குக்கு ஆசை, ஆனால் ஸ்லைடு அவர் கைக்கு வரவே இல்லை. விரல் நுனியை ஊன்றி, கையையே படபடவென ஆட்டி அந்தச் சத்தத்தைத் தேடினார். தேடியதில் கிடைத்ததுதான் உலகம் முழுவதும் அடையாளம் காணும் அவருடைய வைப்ரேட்டோ. வராத ஒன்றை நோக்கி நீட்டிய கையில் வேறொன்று வந்து விழுந்தது.

அம்பத்தூர்க்காரருக்கு இதைவிடப் பிடித்த கதை டோனி அயோமியுடையது, ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. 1965-இல் பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலை, வேலையை விட்டுப் போகும் கடைசி நாள், பதினேழு வயது. பிரஸ்ஸில் மாட்டி வலதுகையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. இடதுகைக்காரர் என்பதால் அதுதான் அவர் ஃப்ரெட்டில் வைக்கும் கை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார், பின்னாளில் அழுத்த எளிதாக இருக்கத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அவருடைய குழுவான பிளாக் சபாத்தின் அந்தக் கனத்த, இருண்ட ஒலி உருவானதில் இந்த ஏற்பாடுகளுக்குப் பங்கு உண்டு. மனம் விட்டுப்போயிருந்த நாட்களில் அவருக்குத் தெம்பு கொடுத்தது ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு. ஜாங்கோ 1928-இல் தீ விபத்தில் இடதுகையின் இரண்டு விரல்கள் முடங்கி, மிச்சமிருந்த இரண்டை வைத்துக்கொண்டே சோலோ வாசித்தவர். பிரஸ் மிஷின் ஓடும் பட்டறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் இந்தக் கதையைச் சொல்லும்போது, தன் கையைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அதனாலோ என்னவோ, இங்கே கண்ணை மூடி வாசித்துப் பார்க்கும் வழக்கம் இயல்பாக வருகிறது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று கழுத்தில் பதித்திருக்கும் புள்ளிகளைப் பார்த்தே தாவிப் பழகியவர்கள் கண்ணை மூடினால் ஒரு ஃப்ரெட் தள்ளி விழுவார்கள். எவ்வளவு தூரம் பார்வையை நம்பி வாசித்தோம் என்று உடனே தெரிந்துவிடும். கிடார்க்காரர் ஹோசே ஃபெலிசியானோ பிறவியிலேயே பார்வை இல்லாதவர், அவருடைய தாவல்களில் அந்தத் தடுமாற்றம் கிடையாது. 1939-இல் அரான்ஹுவேஸ் கான்செர்ட்டோவை எழுதிய ஹோக்கின் ரோட்ரிகோ மூன்று வயதிலேயே பார்வை இழந்தவர். அவர் கிடார் வாசிப்பவர்கூட இல்லை, பியானோக்காரர். அந்தப் படைப்பின் நடுப் பகுதியைக் கேட்கிற யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

ஆவடிப் பையனின் பலம் சறுக்கல், அதாவது ஸ்லைடு. ஒரே தந்தியில், ஒரே விரலில் மேலே போய்க் கீழே வருவான். ஒரு நாள் தோடி ராகம் மாதிரி எதையோ அவன் தடவிக்கொண்டிருந்தபோது பேச்சு பிரசன்னாவின் பக்கம் போனது. பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூரு சாலையில் மேற்கே போனால் வரும் ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் படிப்பு படித்து, பெர்க்லியில் இசை பயின்று, எலக்ட்ரிக் கிடாரில் கர்நாடகக் கச்சேரி செய்கிறவர். கிடாரின் பெரிய பலவீனமே அதன் ஃப்ரெட்தான் என்று கர்நாடகக் காதுகள் சொல்லும், சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வேலி போட்டது போல. ஆனால் வீணைக்கும் 24 மெட்டுகள் உண்டு. வைணிகர்கள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அந்த வேலியைத் தாண்டுகிறார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் செய்ததும் அதே. ஜோடி ஜோடியாக எட்டுத் தந்திகள் இருந்த வாத்தியத்தை ஒற்றைத் தந்திகள் ஐந்தாக்கி, மின்சாரத்தில் நாதத்தை நீட்டி, கமகத்துக்கு இடம் செய்துகொண்டார்.

அன்று எழுந்த வாதம் இன்னும் முடியவில்லை. கமகத்துக்குச் சறுக்கலா, இழுப்பா? ஜாரு மாதிரி நீண்டு இறங்கும் இடங்களுக்குச் சறுக்கல் பொருந்தும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. நின்ற இடத்திலேயே அசைய வேண்டிய சுரத்துக்கு எது என்பதில்தான் பிளவு. நான் இழுப்பின் பக்கம். சறுக்கும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டைக் கடக்கையிலும் மெல்லிய படி ஒன்று தட்டுகிறது, எவ்வளவு வேகமாகப் போனாலும் நல்ல ஸ்பீக்கரில் அது கேட்டுவிடும். இழுப்பில் படி கிடையாது. லீட் அண்ணனும் என் கட்சி, எலக்ட்ரிக்கில் மெல்லிய தந்தி போட்டிருப்பவர் அவர். பையன் ஒப்புக்கொள்ளவில்லை. அவனுடையது அக்கூஸ்டிக். அதில் மூன்றாவது தந்தியும் கம்பி சுற்றிய தந்தி, அதை ஒரு முழுச் சுரம் இழுக்க எந்த விரலாலும் முடியாது, சறுக்கித்தான் ஆக வேண்டும் என்கிறான். "அதை முதல்ல என் கிடார்ல இழுத்துக் காட்டுங்கண்ணா, அப்புறம் பேசலாம்" என்று அவன் நீட்டினான். அண்ணன் வாங்கி முயன்று பார்த்தார். பாதிச் சுரம் வரை வந்தது.